இது எங்க மலை இல்ல கண்ணு!

மலையை மிக்ஸியில் போட்டு அரைத்தால் என்ன ஆகும்? அம்மாவிடம் திட்டு விழும். சொந்த அனுபவம் மக்களே!

பாத்திரம் தேய்க்கிற பழைய ஸ்பான்ஜைத் துண்டு துண்டாக வெட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மிக்ஸியில் ரெண்டு சுற்று விட்டு, பச்சை பெயின்ட்டில் புரட்டிக் காய வைத்தால்... அதுதான் இலை. பழைய மோட்டாரில் இருந்து உருவிய காப்பர் கம்பியைச் சேர்த்து முறுக்கினால், கிளை. டீ வடிகட்டின பிறகு மிஞ்சுகிற தூளை வெயிலில் உலர்த்தினால், காட்டு மண். இப்படி ரெண்டு மாசம், சனி ஞாயிறு எல்லாம் நாங்கள் மலை செய்துகொண்டிருந்தோம். அதுவும் சும்மா மலை இல்லை. நீலகிரி. நடுவில் நம்ம ஊட்டி ரயில்!

நாங்கள் நாலு பேர். கோவையில் இன்ஜினீயரிங், மூணாவது வருஷம். நான் மெக்கானிக்கல். ரூம்மேட் சிவில். வயர், லைட் சமாசாரத்துக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் தோழி. நாலாவது ஆள் மேட்டுப்பாளையத்துக்காரன். அவனுக்கு எங்கள் செட்டில் 'பேரன்' என்று பெயர். காரணம், எதைப் பேசினாலும் "எங்க தாத்தா சொல்வாரு..." என்றுதான் ஆரம்பிப்பான். தாத்தா மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

காலேஜ் சிம்போசியத்தில் மாடல் போட்டி. எல்லோரும் ரோபோ, ட்ரோன் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, பேரன் ஒரு வீடியோவைக் காட்டினான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து பழைய கிடங்கு ஒன்றில் 2001-ல் இரட்டைச் சகோதரர்கள் ஆரம்பித்த 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்'. உலகத்திலேயே பெரிய மாடல் ரயில்வே. சுவிட்சர்லாந்து பகுதியில் மட்டும் மலை கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம்! பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அங்கே ராத்திரி வருகிறது, லட்சக்கணக்கான குட்டி லைட்கள் எரிகின்றன. நம்ம நாட்டிலும் புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998-லேயே திறந்துவிட்டார்கள்.

"மச்சி, நாம ஊட்டி ரயில் பண்ணலாம்டா!"

பண்ணலாம்தான். ஆனால் கணக்கு போட்டதும் தலை சுற்றியது.

அரை கிலோமீட்டர் ஹால் வேணும்!

மாடல் ரயில் உலகத்தில் ரொம்பப் பிரபலமான அளவு 1-க்கு 87. ஹெச்.ஓ. ஸ்கேல் என்பார்கள். நிஜத்தில் 87 அடி என்றால் மாடலில் 1 அடி. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி 46 கி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 528 மீட்டர் வருகிறது. அரை கிலோமீட்டர் நீள ஹாலுக்கு எங்கே போவது? சரி, உயரம்? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 330 மீட்டர். ஊட்டி 2,200 மீட்டர். வித்தியாசத்தை வகுத்தால் இருபத்தொரு மீட்டருக்கு மேல். ஏழு மாடி!

எங்களிடம் இருந்தது 4 அடிக்கு 2 அடி பிளைவுட் ஒன்று. அதில் அடங்குவது நிஜத்தில் 348 அடி நீளம். நூறு மீட்டர் சொச்சம். ஆக மொத்த மலையையும் செய்ய முடியாது. ஒரே ஒரு வளைவைத்தான் செய்ய முடியும். ஹில்குரோவ் ஸ்டேஷனுக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு வளைவு, ஒரு குகை வாய், ஒரு சின்னப் பாலம், கீழே ஓடை. அவ்வளவுதான் பிளான்.

இந்தப் பாதையின் ஏற்றம் சுமார் 12-க்கு 1. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும். எங்கள் நாலு அடிப் பலகைக்கு நாலு இஞ்ச். சாதாரண ரயிலுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால்தான் கல்லாரில் இருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்துக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ரெண்டு ஓடுகிறது. இன்ஜின் அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. தண்டவாள அகலம் ஒரு மீட்டர். எங்கள் மாடலில் பதினொன்றரை மில்லிமீட்டர்!

ஒரு விஷயம் முதலிலேயே முடிவு பண்ணிவிட்டோம். ரயில் ஓடாது. அதுக்குப் பட்ஜெட் இல்லை. மவுன்ட் போர்டில் வெட்டிய இன்ஜினும் ரெண்டு பெட்டியும் சும்மா நிற்கும். எங்கள் திறமை எல்லாம் மலையில்!

ஹாஸ்டலில் இதற்கெல்லாம் இடம் தருவார்களா? மேட்டுப்பாளையத்தில் பேரன் வீட்டு முன் ரூம்தான் எங்கள் ஒர்க்‌ஷாப். (அந்த மிக்ஸியும் அந்த வீட்டு மிக்ஸிதான்.) தெர்மாகோல் அடுக்கி, ஹேக்ஸா பிளேடால் செதுக்கி, மேலே ஃபெவிகால் தோய்த்த நியூஸ் பேப்பர் ஒட்டி, இன்டர்நெட்டில் இறக்கிய இருநூறு போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பச்சை அடித்தோம். தாத்தா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மூட்டுவலி. கொஞ்ச தூரம் நடப்பதே பெரும்பாடு. நாங்கள் செய்வதை எட்டிப் பார்ப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார்.

முடிந்ததும் நாங்களே போய்க் கேட்டோம்.

"தாத்தா, எப்படி இருக்குங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா இருக்குது. ஆனா இது எங்க மலை இல்ல கண்ணு."

எங்களுக்குப் புஸ்ஸென்று ஆகிவிட்டது. "என்னங்க தாத்தா தப்பு?" என்றாள் தோழி.

"தப்புன்னு எதைச் சொல்றது அம்மிணி? இது காலண்டர்ல இருக்கிற மலை. யாரும் இதுல வேலை செஞ்ச மாதிரி தெரியல. ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வாங்க. போட்டோ புடிக்கிறதுக்குப் போகாதீங்க. பார்க்கிறதுக்குப் போங்க."

காலை 7.10, மேட்டுப்பாளையம்

அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரிக் குளிரில் இருட்டோடு எழுந்து கவுன்டரில் வரிசையில் நின்றோம். ரிசர்வேஷன் எல்லாம் எப்பவோ ஃபுல். கொஞ்சமே கொடுக்கிற அன்ரிசர்வ்டு டிக்கெட்டில் எங்கள் அதிர்ஷ்டத்துக்கு நாலு கிடைத்தது.

ஏறுவதற்கு முன்னால் பேரன் ஒரு சட்டம் போட்டான். செல்போன் எல்லாம் அவன் பையில். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரே ஒரு வேலை. எனக்கு நிறம். சிவிலுக்குப் பாறை. தோழிக்கு வெளிச்சமும் இருட்டும். அவனுக்கு மனுஷங்க.

"இது டூரா, இல்ல எக்ஸாம் ஹாலா மாப்ளே?" என்று சிவில் அழுதான்.

இந்த ரயில் ஏறும்போது இன்ஜின் பின்னால் இருக்கும். இழுக்காது, தள்ளும்! அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் மறைக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் சின்ன பால்கனி மாதிரி ஒரு இடம். அங்கேதான் பிரேக்ஸ்மேன். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. பக்கத்தில் பிரேக் சக்கரம். அவர் கொடி காட்ட, அடுத்த பெட்டிக்காரர் காட்ட, அப்படியே வரிசையாகப் பின்னால் இன்ஜின் வரை சேதி போகிறது. வாட்ஸ்அப் எல்லாம் அப்புறம் வந்ததுதான் பாஸ்!

1854-லேயே பேசப்பட்ட பாதை இது. 1891-ல் வேலை ஆரம்பித்து, 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டிக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இதெல்லாம் எங்களுக்குப் பரீட்சைக்குப் படித்த மாதிரி மனப்பாடம். ஆனால் ஸ்டேஷனைத் தாண்டி பவானி ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தபோதுதான் தெரிந்தது, மனப்பாடம் வேறு, மலை வேறு.

பச்சை எங்கேப்பா?

கல்லார் வரை ஓட்டம். அதற்கு மேலே நடை. பல் தண்டவாளத்தில் மணிக்கு 13 கி.மீ.தான் அதிகபட்சம். நிறம் பார்க்க வந்தவனுக்கு இதைவிட வசதி கிடையாது.

நோட்டில் முதலில் 'பச்சை' என்று எழுதினேன். ரெண்டே நிமிஷத்தில் அடித்துவிட்டேன். கல்லார்ப் பக்கம் பாக்குத் தோப்பின் பச்சை வேறு, அதன் நிழலில் இருந்த செடியின் பச்சை வேறு. மூங்கில் வைக்கோல் நிறத்தில் காய்ந்து நின்றது. அடிவாரத்தில் பல மரங்கள் இலை உதிர்த்துச் சாம்பலாய் இருந்தன. சில மரங்களில் துளிர் செம்பு நிறம். உண்ணிச்செடிப் புதரில் ஆரஞ்சுப் பூ. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பக்கத்தில் பாதிக்கு மேல் பழுப்பும் சாம்பலும்தான்!

இன்னொன்று. பக்கத்து மரம் கரும்பச்சை. எதிர்மலை மரம் வெளிறின பச்சை. அதற்குப் பின்னால் இருந்த மலை பச்சையே இல்லை. நீலம். தூரம் கூடக் கூட, நடுவில் இருக்கிற காற்றும் பனிமூட்டமும் வெளிச்சத்தைச் சிதறடித்து எல்லாவற்றையும் நீலமாக வெளுக்க வைக்கிறது. ஓவியர்கள் வருஷக்கணக்கில் கற்றுக்கொள்கிற பாடம். நம்ம ஆட்கள் மலைக்குப் பேரே வைத்துவிட்டார்கள், நீலகிரி என்று! நாங்களோ பின்னால் இருக்கிற மலைக்கும் முன்னால் இருக்கிற மலைக்கும் ஒரே டப்பாவில் இருந்து பெயின்ட் எடுத்திருந்தோம்.

சுவர் அழுதது

"மச்சி, இங்க பாரேன்!" சிவில் என் தோளை உலுக்கினான்.

ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் பாறை. பாதைக்காக வெட்டிய பாறை. அதில் கருப்புக் கோடு கோடாக ஈரம் வழிந்திருந்தது. ஈரம் இருக்கிற இடத்தில் மட்டும் பாசி. பாறை முடிந்த இடத்தில் கல் கட்டின தடுப்புச் சுவர். அதில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறை.

"அந்த ஓட்டை இல்லேன்னா சுவரே நிக்காது" என்றான். அதுவரைக்கும் அவன் இவ்வளவு சீரியஸாகப் பேசி நான் பார்த்ததில்லை. "மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி, சுவருக்குப் பின்னாடி தேங்கி நிக்கும். வெளிய போக வழி விடலேன்னா தண்ணியே சுவரைத் தள்ளிடும். புக்ல ஒரு வரிதான் இருக்கும். இங்க பாரு, மலை முழுக்க அந்த ஒரு வரிதான்."

2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து உயிர்கள் போனதும், இந்தப் பாதையும் சேதமாகி ரயில் நின்றதும் பேரன் வீட்டில் அடிக்கடி பேசுகிற கதை. எங்கள் மாடலில் சுவர் இருந்தது. ஓட்டை இல்லை, கறை இல்லை. எங்கள் மலையில் மழையே பெய்ததில்லை!

குகை வந்தது. பெட்டி முழுக்க 'ஓ...!' என்று ஊளை. ஸ்கூல் பசங்களைவிட நாங்கள்தான் அதிகம் கத்தினோம் என்பது ரகசியம். தோழி மட்டும் கத்தவில்லை. வெளியே வந்ததும் எழுதினாள்: 'குகை வாயின் மேல் விளிம்பு கருப்பு. உள்ளே போகப் போக இன்னும் கருப்பு. தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு.' நூறு வருஷத்துக்கு மேலாக இன்ஜின் மூச்சு விட்டு விட்டுப் படிந்த கரி அது. எங்கள் மாடல் குகை புதுசாக வெள்ளையடித்த கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

தூக்குப்போசி

ஹில்குரோவில் ரயில் நின்றது. இன்ஜின் தண்ணீர் குடிக்க, நாங்கள் டீ குடிக்க, குரங்குகள் எங்கள் பன்னைத் தின்ன... கரெக்டாக மூணு பார்ட்டிக்கும் சாப்பாடு ஆச்சு. சிவில் கையில் இருந்த பன்னைப் பிடுங்கிய குரங்கு, அவன் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகப் பிரித்துச் சாப்பிட்டது. நாங்கள் அந்தக் குரங்குக்குத்தான் கை தட்டினோம்.

பேரன் மட்டும் எங்கள் கூத்தில் சேரவில்லை. இன்ஜின் பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்கும் வகுப்பு எடுத்தான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்து வந்த 'எக்ஸ்' ரக இன்ஜின்கள்தான் இந்தப் பாதையின் பழைய ஹீரோக்கள். பின்னாளில் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலேயே புதுசும் செய்தார்கள். நாலு சிலிண்டர். ரெண்டு, சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். அங்கே வேலை முடித்த அதே நீராவி அடுத்த ரெண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதை ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் சொல்லித்தர வேண்டியிருந்தது. வெட்கம்!

மறுபடி கிளம்பி, ஒரு வளைவு. பாதை ஓரமாக நாலு பேர் ஒதுங்கி நின்றார்கள். தோளில் நீளக் கம்பி, சுத்தியல், மண்வெட்டி. தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளிகள். ரயில் அவர்களைத் தாண்டும்போது ஒருத்தர் கையைத் தூக்கினார். எங்கள் பெட்டி பிரேக்ஸ்மேன் கொடியை லேசாக ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

பாதை ஓரத்தில், நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம். ஒரு புதர் மேல் காயப் போட்ட துண்டு. மரக்கிளையில் தொங்கின ஒரு தூக்குப்போசி. அவர்கள் மத்தியானச் சாப்பாடு.

பேரன் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். "இருநூறு போட்டோ பார்த்தோமேடா. ஒண்ணுலகூட இவங்க இல்ல. குறுக்க வந்துட்டாங்கன்னு க்ராப் பண்ணியிருப்பாங்க."

குன்னூரில் இறங்கி, பஸ் பிடித்துக் கீழே வந்தோம். (தண்டவாளத்தில் இறங்கி நடந்து பார்க்கும் ஆசை வேண்டாம் மக்களே. அனுமதி கிடையாது. யானையும் வரும்.)

மறுபடியும் மலை

அன்றைக்கு ராத்திரியே பழைய பச்சையைச் சுரண்ட ஆரம்பித்தோம். உங்களுக்கும் ஆசை இருந்தால், நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

பாறைக்கு: அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, லேசாகப் பிரித்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினால், காய்ந்ததும் அசல் பாறை முகம் வரும். முதலில் சாம்பல் பூச்சு. அதன் மேல் தண்ணீராய்க் கரைத்த கருப்பு. அது இடுக்கில் எல்லாம் தானாக ஓடித் தங்கிக்கொள்ளும். கடைசியில், துணியில் துடைத்த காய்ந்த பிரஷ்ஷால் வெள்ளையை லேசாகத் தடவினால் விளிம்புகள் மட்டும் எழும்.

ஜல்லிக்கு: நிஜத்தில் 5 செ.மீ. கல் என்றால் மாடலில் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கல்லுப்பொடியை மாவு சல்லடையில் சலித்துத் தூவினோம். அதன் மேல் நேராகக் கோந்து ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு எல்லாவற்றையும் கலைத்துவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்து, இங்க் ஃபில்லரால் சொட்டு விட்டால் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் கடைசியில் உபயோகப்பட்டுவிட்டது!

மரத்துக்கு: முன்னால் பெரிய மரம், பின்னால் போகப் போகச் சின்ன மரம். நிறமும் வெளுத்துக்கொண்டே போகணும். ரெண்டு அடி அகலப் பலகையில் ரெண்டு கிலோமீட்டர் தூரம் தெரியும். கடைசி மலைக்குப் பச்சையே வேண்டாம். நீலமும் வெள்ளையும் கலந்து அடியுங்கள்.

தோழி முதலில் இருபது எல்.ஈ.டி. போடுவதாக இருந்தாள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு மஞ்சள் விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தாள். காலை வெயில் வந்துவிட்டது. குகை உள்ளே மட்டக் கருப்பு. சிவில், ஊசியால் சுவரில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே கறை இழுத்தான். மூணு மணி நேரம்! பேரன் எம்-சீலை உருட்டி ரெண்டு செ.மீ. உயரத்தில் ஆட்கள் செய்தான். பாதை ஓரம் நாலு பேர். முதல் பெட்டி முகப்பில் ஒருத்தர், கையில் பச்சைக் கொடி. டீத்தூளை விரலால் அழுத்தி ஒரு ஒற்றையடித் தடம். கிளையில் ஒரு கடுகு அளவு தூக்குப்போசி.

"ஓடுமா?"

சிம்போசியம் அன்று நடுவர் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"ரயில் ஓடுமா?"

"ஓடாதுங்க சார்."

"அப்போ இது வொர்க்கிங் மாடல் இல்லையே. ஷோ-பீஸ்தானே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பரிசு ஒரு ரோபோவுக்குப் போனது. நல்ல ரோபோதான், பொறாமை இல்லை. (கொஞ்சம் இருந்தது.) சாயங்காலம் பலகையை ஒரு குட்டி யானையில் ஏற்றி மேட்டுப்பாளையம் கொண்டுபோனோம். வழி முழுக்க யாரும் பேசவில்லை.

தாத்தா திண்ணையில்தான் இருந்தார். மாடலை மேலே இருந்து குனிந்து பார்த்தால் ஹெலிகாப்டரில் போகிற மாதிரி இருக்கும். கண் மட்டத்தில் வைத்தால்தான் நாம் அதற்குள் போக முடியும். அதனால் ரெண்டு ஸ்டூல் போட்டு, பலகையை அவர் நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வைத்தோம். தோழி மஞ்சள் விளக்கைப் போட்டாள்.

தாத்தா கண்ணாடியைத் துடைத்தார். மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓடை. பாலம். சுவரில் கறை. அங்கே கொஞ்சம் நின்றார். குகை வாய். "கரி படிஞ்சிருக்குது..." என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பாதை ஓரம் நிற்கிற நாலு பேரைப் பார்த்தார். அப்புறம் முகப்பில் கொடியோடு நிற்கிறவரை.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் நாலு பேரும் பார்த்தோம். மடியில் இருந்த அவருடைய வலது கை எழுந்தது. காற்றில் எதையோ பிடித்தது. நிதானமாக ஒரு சுற்று சுற்றியது. பிறகு அரைச் சுற்று.

"இறங்கறப்போ இந்த மாதிரி வளைவுல கைய எடுக்கவே கூடாது கண்ணு" என்றார், மாடலை விட்டுப் பார்வையை எடுக்காமல். "பெட்டி முழுக்க சனம் உக்காந்திருக்கும். பாட்டுப் பாடிட்டு வரும். நம்ம கையில இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்ல."

யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

திடீரென்று தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட, போசியெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்களாடா! யாருடா மாட்டினது?"

"நான்தாங்க தாத்தா" என்றான் பேரன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இத்தனை கீழ மாட்டுனா நம்ம மலைல குரங்கு விட்டு வெக்குமா? மேல மாட்டு!"

பேரன் ட்வீஸரை எடுத்து, கடுகு அளவு போசியை ரெண்டு கிளை மேலே ஏற்றி மாட்டினான். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.